அமெரிக்க காரா, இறக்குமதி காரா? விடை லோகோவில் இல்லை!

டெக்சாஸில் ஒரு அபார்ட்மென்ட் பார்க்கிங். பக்கத்து பக்கத்தில் இரண்டு கார்கள் நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று செவர்லே ட்ராக்ஸ். இன்னொன்று டொயோட்டா கேம்ரி. "இதில் எது அமெரிக்க கார், எது இறக்குமதி கார்?" என்று கேட்டால் பெரும்பாலானோர் யோசிக்காமல் செவர்லேயைத்தான் அமெரிக்க கார் என்று கைகாட்டுவார்கள்.

உண்மை அப்படியே தலைகீழ். ட்ராக்ஸ் தென் கொரியாவில் தயாராகி, கப்பல் ஏறி அமெரிக்கா வந்த கார். கேம்ரியோ கென்டக்கி மாநிலத்தின் ஜார்ஜ்டவுனில் உருவானது. டொயோட்டா அங்கே 1988-லிருந்து கார் தயாரிக்கிறது.

இது ஏதோ குவிஸ் போட்டிக் கேள்வி மாதிரி தெரியலாம். ஆனால், வேலைக்காக அமெரிக்கா போய் இறங்கும் நம்ம ஊர் இளைஞர்களுக்கு இது நிஜமான பணப் பிரச்னை. பெரும்பாலான அமெரிக்க நகரங்களில் கார் இல்லாமல் பால் பாக்கெட்கூட வாங்க முடியாது. எனவே சம்பளம் வர ஆரம்பித்ததும் முதல் பெரிய செலவு கார்தான். "கண்ணை மூடிக்கிட்டு டொயோட்டா இல்லன்னா ஹோண்டா வாங்கு" என்பார் ஒரு நண்பர். "அதெல்லாம் பழைய கதை, இப்போ அமெரிக்க வண்டியும் நல்லாத்தான் இருக்கு, விலையும் கம்மி" என்பார் இன்னொருவர்.

யார் சொல்வது சரி? 2025 செப்டம்பரில் அமெரிக்காவில் ஒரு புதிய காரின் சராசரி விலை 50,000 டாலரைத் தாண்டிவிட்டது. கூடவே டிரம்ப் அரசின் இறக்குமதி வரி, கார் லோன் வட்டிக்குப் புதிய வரிச் சலுகை என ஆட்ட விதிகளும் மாறியிருக்கின்றன. ஆகவே கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம்.

முதலில், எது 'அமெரிக்க கார்'?

இதற்கு ஒரே பதில் கிடையாது. மூன்று விதமாகக் கணக்கிடலாம்.

முதலாவது, கம்பெனியின் தலைமையகம் எங்கே என்பது. ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், டெஸ்லா எல்லாம் அமெரிக்க கம்பெனிகள். இதிலேயே ஒரு சிக்கல் உண்டு. ஜீப், டாட்ஜ், ராம், கிரைஸ்லர் பிராண்டுகள் இப்போது ஸ்டெல்லாண்டிஸ் குழுமத்தில் இருக்கின்றன. அதன் தலைமையகம் நெதர்லாந்தில்.

இரண்டாவது, கடைசியாக காரை முழுசாகப் பொருத்தி வெளியே அனுப்பும் ஆலை எங்கே என்பது. இதைத்தான் 'இறுதி அசெம்பிளி' என்கிறார்கள். ஹோண்டா அக்கார்டு 1982 முதல் ஒஹாயோ மாநிலம் மேரிஸ்வில்லில் தயாராகிறது. பிஎம்டபிள்யூ-வின் எக்ஸ் 5 வருவது தெற்கு கரோலினாவின் ஸ்பார்டன்பர்க்கிலிருந்து. ஆனால் ஃபோர்டு மேவரிக் பிக்கப்பும், மஸ்டாங் மாக்-இ எலெக்ட்ரிக் காரும் மெக்சிகோவில் தயாராகின்றன. ப்யூக் என்விஷன் சீனாவிலிருந்து வருகிறது.

மூன்றாவது, உள்ளே இருக்கும் பாகங்கள் எந்த நாட்டினுடையவை என்பது. 1992-ல் அமெரிக்கா இதற்கென்றே ஒரு லேபிள் சட்டம் கொண்டுவந்தது. ஷோரூமில் நிற்கும் ஒவ்வொரு புது காரின் கண்ணாடியிலும், அமெரிக்கா மற்றும் கனடா பாகங்கள் எத்தனை சதவீதம், இறுதி அசெம்பிளி எங்கே, இன்ஜினும் கியர்பாக்ஸும் எந்த நாட்டவை என்று எழுதி ஒட்ட வேண்டும். இதிலும் ஒரு ஓட்டை: அமெரிக்காவையும் கனடாவையும் சேர்த்தே ஒரே எண்ணாகப் போடுகிறார்கள். அந்த எண்ணும் அந்த மாடலின் சராசரிதான், உங்கள் கையில் இருக்கும் குறிப்பிட்ட காருக்கானது அல்ல.

எளிய வழி ஒன்று இருக்கிறது. காரின் 17 இலக்க 'வின்' நம்பரைப் பாருங்கள். 1, 4, 5 என்று தொடங்கினால் அமெரிக்கா (சில புது கார்களில் 7-ம் உண்டு). 2 என்றால் கனடா. 3 என்றால் மெக்சிகோ. 'ஜே' ஜப்பான், 'கே' தென் கொரியா, 'டபிள்யூ' ஜெர்மனி. ஹோண்டா சிஆர்-வி மாதிரி ஒரே மாடல் அமெரிக்காவிலும் கனடாவிலும் தயாராகும்போது, பக்கத்து பக்கத்தில் நிற்கும் இரண்டு கார்களுக்கு இந்த முதல் எழுத்தே வேறாக இருக்கும்.

மறைமலை நகரில் பிறந்த 'அமெரிக்க' கார்

இந்தக் குழப்பத்தில் நம்ம ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. 2018 முதல் 2022 வரை அமெரிக்க ஷோரூம்களில் விற்ற ஃபோர்டு எக்கோஸ்போர்ட், சென்னையை அடுத்த மறைமலை நகர் ஆலையில் தயாரானது. அதாவது, நீல நிற ஃபோர்டு லோகோவைப் பார்த்து "அமெரிக்க கார் வாங்குறேன்" என்று நினைத்த ஒரு அமெரிக்கர், நம் ஜிஎஸ்டி ரோட்டுப் பக்கம் செய்த காரைத்தான் ஓட்டிக்கொண்டு போனார்.

2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. 2022-ல் அந்த ஆலை மூடப்பட்டது. அங்கிருந்தவர்களின் வேலையும் போனது. 2025-ல் அதே இடத்தில் இன்ஜின் தயாரிக்கப் போவதாக ஃபோர்டு அறிவித்திருக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. 2023 டிசம்பரில் ஃபோர்டு ஒரு ரீகால் அறிவித்தது. 1.0 லிட்டர் இன்ஜினில், ஆயில் பம்ப்பை ஓட்டும் பெல்ட்டின் டென்ஷனர் உடைய வாய்ப்பு இருக்கிறது, உடைந்தால் ஓடும்போதே இன்ஜின் நின்றுபோகலாம் என்பது புகார். பட்டியலில் இருந்தவை இரண்டு மாடல்கள். ஒன்று சென்னையில் தயாரான எக்கோஸ்போர்ட். இன்னொன்று மிச்சிகனில் தயாரான ஃபோகஸ்.

ஊர் வேறு, தொழிலாளி வேறு, மொழி வேறு. பழுது மட்டும் ஒன்றே. ஏனென்றால் கோளாறு இன்ஜின் பாகத்தில் இருந்தது. காரை எந்த ஊரில் பொருத்தினார்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அப்படியானால் 'அமெரிக்க கார் மட்டம், ஜப்பான் கார் உசத்தி' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அது வெறும் கட்டுக்கதையா? இல்லை. ஒரு காலத்தில் அது உண்மையாகவே இருந்தது.

கெட்ட பெயர் வந்த கதை

நமக்கு 'ஃபாரின் சாமான்' என்றாலே தரம். 1950-களின் அமெரிக்காவில் கதையே வேற. ஜப்பான் பொருள் என்றால் மலிவு, மட்டம் என்றுதான் பேச்சு. டொயோட்டா 1957-ல் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த முதல் கார் டொயோபெட் கிரவுன். அது அமெரிக்க ஹைவே வேகத்துக்குத் தாக்குப்பிடிக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே விற்பனையை நிறுத்த வேண்டியதாயிற்று.

1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. பெட்ரோல் பங்க்குகளில் நீண்ட க்யூ. பெரிய பெரிய கார்களையே செய்து பழகிய டெட்ராய்ட் கம்பெனிகளிடம், மைலேஜ் தரும் சின்ன கார்கள் சரியாக இல்லை. இருந்தவையும் சொதப்பின. ஜெனரல் மோட்டார்ஸின் செவர்லே வேகா துருப்பிடித்தது, இன்ஜின் சூடாகிப் பழுதானது. ஃபோர்டு பின்டோவின் பெட்ரோல் டேங்க், பின்னால் வண்டி மோதினால் தீப்பிடிக்கும் ஆபத்தோடு இருந்தது. 1978-ல் அதைத் திரும்ப அழைத்தார்கள். இந்த இடைவெளியில்தான் ஹோண்டா சிவிக்கும் டொயோட்டா கொரோலாவும் அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்தன.

வேகா தயாரான ஒஹாயோவின் லார்ட்ஸ்டவுன் ஆலையில் ஒரு மணி நேரத்துக்கு 100 கார்கள் என்ற வேகத்தில் அசெம்பிளி லைன் ஓடியது. ஒரு காருக்கு ஒரு தொழிலாளிக்குக் கிடைத்தது 36 விநாடி. 1972-ல் அங்கே நடந்த வேலைநிறுத்தம் அமெரிக்கா முழுக்க பேசப்பட்டது. 'தொழிலாளி சோம்பேறி, அதனால்தான் கார் மட்டம்' என்று ஒரு தரப்பு சொன்னது. அந்த வாதம் எவ்வளவு தவறு என்பது பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து கலிபோர்னியாவில் தெரிந்தது.

ஃப்ரீமான்ட் சொல்லும் பாடம்

கலிபோர்னியாவின் ஃப்ரீமான்டில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு ஆலை இருந்தது. கம்பெனியின் மிக மோசமான ஆலைகளில் ஒன்று என்று பெயர். எந்த நாளில் பார்த்தாலும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வர மாட்டார். 1982-ல் அதை இழுத்து மூடினார்கள்.

1984-ல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டு சேர்ந்து அதே ஆலையைத் திறந்தன. பெயர் 'நம்மி'. வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலானோர் அதே பழைய தொழிலாளர்கள், அதே தொழிற்சங்கம். அவர்களில் ஒரு பகுதியினரை ஜப்பானுக்கு அனுப்பி, டொயோட்டா ஆலையில் பயிற்சி கொடுத்தார்கள்.

மாறியது ஒன்றே ஒன்று, வேலை செய்யும் முறை. பழைய ஆலையில் என்ன ஆனாலும் லைனை நிறுத்தக் கூடாது. ஒரு போல்ட் சரியாக ஏறவில்லை என்றாலும் கார் நகர்ந்துவிடும், கடைசியில் யாராவது சரிசெய்துகொள்ள வேண்டியதுதான். புதிய முறையில் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு கயிறு. தவறு தெரிந்தால் இழுக்கலாம். உடனே டீம் லீடர் ஓடி வருவார். அதற்குள் சரியாகவில்லை என்றால் லைனே நிற்கும். கயிற்றை இழுத்தவரைத் திட்ட மாட்டார்கள்.

ஓரிரு ஆண்டுகளில் அந்த ஆலையின் கார்கள், ஜப்பானில் தயாரான கார்களுக்கு நெருக்கமான தரத்தை எட்டின. வேலைக்கு வராதவர்களின் விகிதமும் சரிந்தது. அதே அமெரிக்கத் தொழிலாளி, அதே கட்டடம், வேறு நிர்வாகம்.

சோகம் என்னவென்றால், இந்தப் பாடத்தை ஜெனரல் மோட்டார்ஸ் தன் மற்ற ஆலைகளுக்குக் கொண்டுபோக மிகவும் தாமதித்தது. 2009-ல் அந்தக் கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போனது. 2010-ல் நம்மி மூடப்பட்டது. அந்த ஆலையை வாங்கிய கம்பெனியின் பெயர் டெஸ்லா.

ஒரே கார், இரண்டு லோகோ, இரண்டு விலை

தரத்துக்கும் மதிப்புக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளவும் இதே ஆலைதான் நல்ல உதாரணம்.

நம்மியில் டொயோட்டா கொரோலா தயாரானது. அதே லைனில் ஜெனரல் மோட்டார்ஸுக்காக ஜியோ ப்ரிஸம் என்ற காரும் தயாரானது (1998 முதல் செவர்லே ப்ரிஸம்). தோற்றத்திலும் வசதிகளிலும் சின்னச் சின்ன மாற்றங்கள் தவிர இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். இன்ஜினும் ஒன்று, பொருத்திய கைகளும் ஒன்று.

ஆனால் பழைய கார் சந்தையில் கொரோலாவுக்குக் கூடுதல் விலை கிடைத்தது. ப்ரிஸம் சீக்கிரம் மதிப்பிழந்தது. சந்தை அந்த வித்தியாசத்தில் விலை போட்டது காருக்கு அல்ல, 'டொயோட்டா' என்ற பெயருக்கும் அதன் மீதான நம்பிக்கைக்கும்தான்.

இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. புதுசாக வாங்கி நான்கைந்து வருஷத்தில் விற்பவருக்கு லோகோ முக்கியம், ஏனென்றால் அடுத்த ஆள் லோகோவைப் பார்த்துத்தான் விலை சொல்வார். ஆனால் பழைய கார் வாங்குபவருக்கு இதே விஷயம் லாபம். அந்தக் காலத்தில் விவரம் தெரிந்தவர்கள், கொரோலாவின் விலையைக் கேட்டுவிட்டு ப்ரிஸத்தை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

சரி, இன்றைய நிலவரம் என்ன?

இடைவெளி குறைந்திருக்கிறது, மறையவில்லை. நம்பகத்தன்மைப் பட்டியல்களில் லெக்ஸஸ், டொயோட்டா, ஹோண்டா, சுபாரு ஆகியவை பல ஆண்டுகளாக முன்வரிசையில்தான் இருக்கின்றன. ஃபோர்டு 2025-ல் மட்டும் 100-க்கும் மேற்பட்ட ரீகால்களை அறிவித்தது. அதற்கு முன் ஓர் ஆண்டில் ஒரு கம்பெனி செய்த அதிகபட்சம், 2014-ல் ஜெனரல் மோட்டார்ஸ் செய்த 77.

அதே நேரம் ஜே.டி. பவர் நிறுவனத்தின் 2025 ஆய்வையும் பாருங்கள். மூன்று வருஷம் ஓடிய கார்களில் 100 காருக்கு எத்தனை பிரச்னை என்று எண்ணுகிறார்கள். எண் குறைவாக இருந்தால் நல்லது. ஒட்டுமொத்த சராசரி 202. முதலிடம் லெக்ஸஸுக்கு, 140. அடுத்த இடம் ப்யூக்குக்கு, 143. ப்யூக் ஒரு அமெரிக்க பிராண்ட்!

கொடி பிடிக்கும் முன் ஒரு நிமிஷம். ப்யூக் அமெரிக்காவில் விற்கும் மாடல்களில் பெரும்பாலானவை தென் கொரியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வருபவை. ஆக, பட்டியலில் மேலே நிற்கும் 'அமெரிக்க' பிராண்டே பெரும்பாலும் இறக்குமதிதான்.

ஜப்பான், கொரிய கம்பெனிகளும் புனிதப் பசுக்கள் அல்ல. கார் தானாக வேகமெடுத்த புகார்களை மறைத்த வழக்கில் டொயோட்டா 2014-ல் அமெரிக்க அரசுக்கு 120 கோடி டாலர் கட்டியது. ஜப்பானின் டகாட்டா செய்த ஏர்பேக்குகள் வெடித்துச் சிதறி உயிர்களைப் பறித்தன. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி ஏர்பேக்குகளைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. 2022, 2023 மாடல் டொயோட்டா டன்ட்ராவில், தயாரிப்பின்போது தங்கிய உலோகத் துகள்களால் இன்ஜின் பழுதாகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளுக்கு ரீகால் வந்தது.

ஹூண்டாயின் கதை நமக்கு இன்னும் நெருக்கம். 1986-ல் அமெரிக்காவுக்குப் போன ஹூண்டாய் எக்செல் மலிவாக இருந்ததால் குவிந்து விற்றது, சீக்கிரமே கேலிப்பொருளும் ஆனது. இழந்த பெயரை மீட்க அந்தக் கம்பெனி 1998-ல் இன்ஜின், கியர்பாக்ஸுக்கு 10 வருஷம் அல்லது ஒரு லட்சம் மைல் வாரன்டி அறிவித்தது. பழுதானால் செலவு தன்னுடையது என்று ஒரு கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டால், தரத்தை உயர்த்துவதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை.

ஐரோப்பிய சொகுசு கார்கள் தனி ரகம். ஓட்டிப் பார்த்தால் சொக்கிப்போவீர்கள். வாரன்டி முடிந்தபின் வரும் சர்வீஸ் பில்லும், ஐந்து வருஷத்தில் சரியும் மதிப்பும் அந்த மயக்கத்தைத் தெளியவைக்கும். 'இம்போர்ட்டட்' என்ற ஒரே சொல்லில் கொரோலாவையும் ஜெர்மன் செடானையும் சேர்த்துக் கட்டுவதே தவறு.

அமெரிக்க கம்பெனிகள் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டும் இடம் பெரிய பிக்கப்புகளும் பெரிய எஸ்யூவி-களும். ஃபோர்டின் எஃப் வரிசை பிக்கப்புகள் 1977 முதல் அமெரிக்காவின் நம்பர் ஒன் பிக்கப்பாக இருக்கின்றன. இதற்குப் பின்னால் ஒரு வேடிக்கையான வரியும் உண்டு. அமெரிக்கக் கோழிக்கறிக்கு ஐரோப்பா வரி போட்டதற்குப் பதிலடியாக, 1964-ல் இறக்குமதி பிக்கப்புகளுக்கு அமெரிக்கா 25 சதவீத வரி போட்டது. கோழிச் சண்டை முடிந்துபோனது, வரி மட்டும் அப்படியே நின்றுவிட்டது. போட்டி குறைந்த, லாபம் கொழுத்த அந்தப் பக்கமே டெட்ராய்ட் சாய்ந்தது. 2018-ல் ஃபோர்டு, மஸ்டாங் தவிர்த்த மற்ற கார்களை அமெரிக்காவில் கைவிடுவதாக அறிவித்தது. 2024-ல் செவர்லே மாலிபுவும் நின்றுபோனது. இன்று நியாயமான விலையில் ஒரு நடுத்தர செடான் வேண்டும் என்றால், டெட்ராய்ட் கம்பெனிகளிடம் வாங்க அநேகமாக எதுவுமே இல்லை.

வரி போட்டால் 'அமெரிக்க கார்' ஜெயிக்குமா?

2025 ஏப்ரல் 3 முதல் இறக்குமதி கார்களுக்கு 25 சதவீதம் கூடுதல் வரி அமலுக்கு வந்தது. அதற்கு முன் சாதாரண வரி வெறும் 2.5 சதவீதம். பிறகு நடந்த ஒப்பந்தங்களில் ஜப்பான், ஐரோப்பிய ஒன்றியம், தென் கொரியா கார்களுக்கு 15 சதவீதம் என்று 2025-லேயே குறைத்தார்கள். உதிரி பாகங்களுக்கும் வரி உண்டு என்பதால் கென்டக்கி கேம்ரியும் முழுசாகத் தப்பவில்லை.

அடி யாருக்கு? 2025 இரண்டாம் காலாண்டில் மட்டும் இந்த வரிகளால் சுமார் 110 கோடி டாலர் இழப்பு என்று சொன்னது ஒரு அமெரிக்க கம்பெனி. ஆமாம், ஜெனரல் மோட்டார்ஸ்தான். கொரியாவிலும் மெக்சிகோவிலும் தயாரித்து அமெரிக்காவில் விற்பதால் வந்த வினை. சில மாடல்களை 2027 முதல் அமெரிக்க ஆலைகளுக்கு மாற்றப்போவதாக அது அறிவித்திருக்கிறது.

இது முதல் முறையும் அல்ல. 1981-ல் அமெரிக்க நெருக்கடிக்குப் பணிந்து, ஆண்டுக்கு 16.8 லட்சம் கார்களுக்கு மேல் அனுப்புவதில்லை என்று ஜப்பான் ஒப்புக்கொண்டது. எண்ணிக்கைக்குத்தானே தடை? ஜப்பான் கம்பெனிகள் ஒவ்வொரு காரிலும் அதிக லாபம் பார்க்க, விலை கூடிய கார்களுக்கு நகர்ந்தன. 1986-ல் அக்யூரா, 1989-ல் லெக்ஸஸ் வந்தன. இன்னொரு பக்கம் அமெரிக்காவிலேயே ஆலைகளைத் திறந்தன. அமெரிக்கர்களுக்கு வேலை கிடைத்தது என்பது உண்மை. ஆனால் டெட்ராய்ட்டுக்குக் கிடைத்த அவகாசம் தரத்தில் முழுசாகத் தெரியவில்லை. கார் வாங்கிய சாமானியர் கூடுதல் விலை கொடுத்ததுதான் மிச்சம்.

உங்கள் பாக்கெட்டுக்கு நேரடியாக வரும் விஷயம்

2025-ல் வந்த புதிய வரிச் சட்டத்தில் ஒரு சலுகை இருக்கிறது. அமெரிக்காவில் இறுதி அசெம்பிளி ஆன புதிய காரை சொந்த உபயோகத்துக்கு லோனில் வாங்கினால், ஆண்டுக்கு 10,000 டாலர் வரையிலான லோன் வட்டியை உங்கள் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். 2025 முதல் 2028 வரை இது பொருந்தும். தனிநபருக்கு 1,00,000 டாலர், தம்பதிக்கு 2,00,000 டாலர் வருமானத்தைத் தாண்டினால் சலுகை படிப்படியாகக் குறையும். பழைய காருக்கும், லீஸுக்கும் கிடையாது. வரித் தாக்கலில் வின் நம்பரைக் கொடுக்க வேண்டும்.

சட்டம் லோகோவைக் கேட்கவில்லை, ஆலை எங்கே என்றுதான் கேட்கிறது. எனவே டொயோட்டா கேம்ரி வாங்கினால் சலுகை உண்டு. செவர்லே ட்ராக்ஸ் வாங்கினால் இல்லை!

அப்போ எதைத்தான் வாங்குவது?

முதலில் எத்தனை வருஷம் ஓட்டுவீர்கள் என்று முடிவு செய்யுங்கள். வேலை விசாவில் இருப்பவர்களுக்கு இது பெரிய கேள்வி. திடீரென்று ஊர் திரும்ப வேண்டி வந்தால், காரை ஒரே வாரத்தில் விற்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் ரீசேல் மதிப்புதான் காப்பாற்றும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம், எண்கள் உதாரணத்துக்கு மட்டும். இரண்டு கார், இரண்டின் விலையும் 30,000 டாலர். இரண்டாவது காருக்கு டீலர் 3,000 டாலர் தள்ளுபடி தருகிறார். ஐந்து வருஷம் கழித்து முதல் கார் 18,000 டாலருக்குப் போகிறது, இரண்டாவது 13,500-க்கு. முதல் காரில் உங்கள் இழப்பு 12,000. இரண்டாவதில் 13,500. தள்ளுபடி வாங்கிய சந்தோஷத்தில் 1,500 டாலரை இழந்திருப்பீர்கள். இதே காரை 12 வருஷம் ஓட்டினால் இந்த வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துபோகும். 2025-ல் அமெரிக்க சாலைகளில் ஓடிய வண்டிகளின் சராசரி வயதே 12.8 ஆண்டுகள்.

அடுத்து, பிராண்டைப் பார்க்காமல் மாடலைப் பாருங்கள். குறிப்பாக அந்த மாடலின் வருஷத்தைப் பாருங்கள். புத்தம் புது டிசைனும் புத்தம் புது இன்ஜினும் சேர்ந்து வரும் முதல் வருஷத்தில்தான், எந்தக் கம்பெனியாக இருந்தாலும், பிரச்னைகள் வெளியே வரும். டன்ட்ரா அதற்கு சாட்சி. ஓரிரு வருஷம் பொறுத்தால் நல்லது.

பழைய கார் வாங்குகிறீர்களா? வின் நம்பரைக் கொண்டு ரீகால் நிலுவையில் இருக்கிறதா என்று அமெரிக்க சாலைப் பாதுகாப்பு அமைப்பின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ரீகால் வேலையையும் டீலர் இலவசமாகவே செய்து தருவார். வாங்கும் முன் டீலருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். 'ப்ரிஸம் பாடம்' நினைவிருக்கட்டும். எல்லோரும் தேடும் லோகோவுக்கு சந்தை கூடுதல் விலை வைத்திருக்கும். அதே அளவு நல்ல மாடல் ஒன்று, பெயர் கெட்ட பிராண்டில் குறைந்த விலைக்குக் காத்திருக்கலாம்.

இன்ஷூரன்ஸ் கட்டணத்தையும் காரை முடிவு செய்யும் முன்பே கேட்டுவிடுங்கள். அமெரிக்காவில் லைசென்ஸ் எடுத்து அதிக நாள் ஆகாதவர்களுக்கு அது பெரிய தொகையாக வரும். மாடலுக்கு மாடல் மாறவும் செய்யும்.

நம் கருத்து

'அமெரிக்க காரா, இறக்குமதி காரா' என்ற சண்டையில் அரை நூற்றாண்டாக இரண்டு பேர் மீது பழி விழுந்துகொண்டே இருக்கிறது. ஒருவர் அமெரிக்கத் தொழிலாளி, 'அவர் சரியில்லை' என்று. இன்னொருவர் வெளிநாட்டுத் தொழிலாளி, 'அவர் வேலையைத் திருடிவிட்டார்' என்று. ஃப்ரீமான்டில் நடந்தது முதல் பழியைப் பொய்யாக்கியது. இரண்டாவது பழிக்கு மறைமலை நகர் பதில் சொல்கிறது. அங்கே காரைச் செய்தவர்கள் யாருடைய வேலையையும் திருடவில்லை. எந்த நாட்டில் எதைச் செய்வது என்று வேறு எங்கோ எடுத்த முடிவின்படி வேலை கிடைத்தது, அதே மாதிரி ஒரு முடிவில் போகவும் செய்தது.

தரம் என்பது தேசிய குணம் இல்லை. தவறு நடந்தால் லைனை நிறுத்த ஒரு தொழிலாளிக்கு உரிமை இருக்கிறதா, பழுதுக்கு கம்பெனி பொறுப்பேற்கிறதா, டிசைன் அவசரத்தில் வெளியே தள்ளப்பட்டதா என்பதில்தான் அது இருக்கிறது. வரி போட்டு இந்த மூன்றையும் வாங்க முடியாது.

ஆகவே அடுத்த முறை ஷோரூமுக்குப் போகும்போது லோகோவைப் பார்த்து மயங்காமல், கண்ணாடியில் ஒட்டிய லேபிளையும் வின் நம்பரின் முதல் எழுத்தையும் ஒரு தடவை படித்துவிடுங்கள். 'அமெரிக்க கார்' என்று சேல்ஸ்மேன் காட்டும் வண்டி கொரியாவிலிருந்து வந்திருக்கலாம், 'ஜப்பான் கார்' என்று ஒதுக்கியது ஒஹாயோவில் செய்ததாக இருக்கலாம். லோன் கட்டப்போவது நீங்கள்தான். உங்கள் கணக்கை நீங்களே போடுங்கள்.